குற்றம் எந்தப் பாகத்தில்? ஓவர்கிளாக்கிங் கடந்துவந்த பாதை

பழைய மதர்போர்டு எதைப் பார்த்தாலும் அதில் வெள்ளி நிற உறை போட்ட சிறிய குவார்ட்ஸ் படிகம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது மாறாத கதியில் அதிரும். அந்த அதிர்விலிருந்து பெறும் துடிப்பை வைத்தே பிராசசரும் ரேமும் அவற்றை இணைக்கும் பாதைகளும் வேலை செய்கின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சிப்பின் ஒவ்வொரு சுற்றும் தன் கணக்கை முடித்து, விடையை அடுத்த சுற்றிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒரே ஒரு சுற்று பிந்தினாலும் தவறான விடை பதிவாகிவிடும்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு சிப்பையும் சோதித்து, வெப்பம் மிகுந்தாலும் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் எந்த வேகத்தில் பிழையின்றி ஓடுமோ அந்த வேகத்தை அதன் மேல் பொறிக்கிறார்கள். அதனால் பெரும்பாலான சிப்புகளுக்குள் பொறித்த எண்ணைத் தாண்டிய வேகம் கொஞ்சம் ஒளிந்திருக்கும். மலிவான ரகத்துக்குத் தேவை மிகுந்த காலங்களில், அதிக வேகம் தாங்கக்கூடிய சிப்புகளும் குறைந்த எண்ணோடு விற்பனைக்கு வந்ததுண்டு. இந்த மிச்சத்தைப் பயனாளரே எடுத்துக்கொள்வதுதான் ஓவர்கிளாக்கிங். துடிப்பு பலருக்கும் பொதுவானது என்பதால் ஒன்றை முடுக்கினால் மற்றவையும் கூடவே முடுக்கப்படும். இயந்திரம் உறைந்து நின்றால் தாங்காமல் போனது எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பதே இக்கலையின் பெரும்பகுதி. ஒவ்வொரு தலைமுறையிலும் முடுக்கும் வழி மாறியது. அதோடு குற்றவாளியைத் தேடும் முறையும் மாறியது.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8088 பிராசசர் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பலகையில் இருந்த 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வை மூன்றால் வகுத்துக் கிடைத்த வேகம் அது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ணக் குறிகை அலைவரிசைக்கு நான்கு மடங்கு என்பதாலேயே அந்தப் படிகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நேரம் காக்கும் சுற்றும் திரை வண்ணமும் அதே படிகத்தை நம்பியிருந்தன. அதை மாற்றினால் பிராசசரின் வேகத்தோடு கடிகார நேரமும் வண்ணமும் கெட்டன. ஓவர்கிளாக்கிங்குக்கு அந்தப் பலகை ஏற்றதாக இல்லை.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி இந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டது. அதில் 80286 பிராசசருக்கென 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் தனியாக இருந்தது. அதில் பாதியாக 6 மெகாஹெர்ட்ஸில் பிராசசர் ஓடியது. அந்தப் படிகம் பலகையில் பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தது. சில டாலர் கொடுத்து 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் வாங்கிச் செருகினால் பிராசசர் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 18 போட்டால் 9. எட்டு பெரும்பாலான இயந்திரங்களுக்கு ஒத்துக்கொண்டது. ஒன்பதில்தான் தொல்லை தொடங்கியது. மெமரி சிப்புகள் பிந்தின. விரிவாக்க ஸ்லாட்டுகளும் பிராசசரின் வேகத்திலேயே ஓடியதால் சில கார்டுகள் திணறின. அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்ப்பதும், படிகத்தை மறுபடி மாற்றிச் சோதிப்பதும் அன்றைய பழுதறியும் முறை. ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. பிறகு வந்த பயாஸ் தொடக்கத்திலேயே வேகத்தை அளந்து, மிகுந்திருந்தால் இயந்திரத்தை எழுப்ப மறுத்தது. 1986இல் 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை ஐபிஎம்மே விற்பனைக்குக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர் வேலி போடுவதும் பயனாளர் வழி தேடுவதும் அங்கேயே ஆரம்பமாகிவிட்டன.

1992இன் 486 டிஎக்ஸ்2 அடுத்த பெரிய மாற்றம். பலகை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட, பிராசசர் உள்ளுக்குள் அதை இரண்டால் பெருக்கி 66இல் ஓடியது. பலகையின் பஸ் வேகம், அதைப் பெருக்கும் மல்டிப்ளையர் என்று இரண்டு எண்களின் பெருக்கமாக வேகம் ஆகிவிட்டது. இன்றுவரை அந்தக் கணக்கு மாறவில்லை. பென்டியம் காலத்தில் 50, 60, 66 என்ற பஸ் வேகங்களையும் 1.5, 2, 2.5 என்ற மல்டிப்ளையர்களையும் மதர்போர்டில் இருந்த ஜம்பர்கள் தீர்மானித்தன. பென்டியம் 75 என்பது 50ஐ ஒன்றரையால் பெருக்கியது. ஒரு ஜம்பரை இடம் மாற்றி பஸ்ஸை 60 ஆக்கினால் அதே சிப் 90இல் ஓடும். பெரும்பாலும் ஓடவும் செய்தது.

ஜம்பர் வைத்து வேலை பார்ப்பது பொறுமை கேட்கும் காரியம். மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, ரிப்பன் கேபிள்களை விலக்கி, அரிசியளவுள்ள கறுப்பு மூடியைச் சாமணத்தால் பிடுங்கி, கையேட்டின் படத்தைப் பார்த்து அடுத்த ஜோடிக் கம்பிகளில் செருக வேண்டும். திரை எழவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. எந்த ஜம்பர் எந்த இடத்தில் இருந்தது என்பதைத் தாளில் எழுதி வைக்காதவர்கள் பழைய நிலைக்குத் திரும்பும் வழியையே தொலைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியதைக் குறித்து வைக்க வேண்டும் என்ற விதி இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

சைரிக்ஸின் 6எக்ஸ்86 வரிசையின் பி200+ சிப்புக்கு 75 மெகாஹெர்ட்ஸ் பஸ் தேவைப்பட்டதால் சில மதர்போர்டுகளில் 75ம் 83ம் சேர்ந்தன. பென்டியம் வைத்திருந்தவர்களும் அவற்றைப் பயன்படுத்தினார்கள். இங்கே ஒரு கொடிய பழுது காத்திருந்தது. விரிவாக்க அட்டைகளுக்கான பிசிஐ பாதை பஸ் வேகத்தில் பாதியில் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் இயல்பான வேகம் 33. பஸ் 83 ஆனால் பிசிஐ 41ஐத் தாண்டிவிடும். ஹார்டு டிஸ்க்கை ஆளும் சுற்று அந்தப் பாதையில்தான் இருந்தது. பிராசசர் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், விளையாட்டு ஓடும், டிஸ்க்கில் எழுதப்படும் கோப்புகள் மட்டும் சத்தமின்றிச் சிதையும். சில நாள் கழித்து விண்டோஸ் எழாமல் போகும்போது பழி டிஸ்க்கின் மேல் விழும். புதிய டிஸ்க் வாங்கியும் அதே கதை தொடர்ந்த பிறகே பஸ் வேகத்தின் மேல் சந்தேகம் திரும்பும். உறைந்து நிற்கும் கணினியைவிட இது ஆபத்தானது. உறைந்தால் பிழை தெரிகிறது. கோப்பு சிதைந்தால் தெரிவதற்குள் இழப்பு நடந்து முடிந்துவிடுகிறது.

ஜம்பரால் வேகத்தை மாற்றும் இதே வசதி மோசடிக்கும் வழி திறந்தது. குறைந்த வேகச் சிப்பின் மேலிருந்த எழுத்தைத் தேய்த்து அழித்து, கூடுதல் எண்ணைப் பொறித்து விற்றார்கள். வாங்கியவர் தம் கணினி ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்றே அறியமாட்டார். அது ஏன் வெயில் ஏறிய பிற்பகலில் மட்டும் நிற்கிறது என்று புரியாமல் தவிப்பார். இந்த மோசடியைத் தடுக்க வேண்டியும், தன் விலை அடுக்குகளைக் காத்துக்கொள்ளவும் இன்டெல் 1998 வாக்கில் மல்டிப்ளையரைப் பூட்டியது. மிச்சமிருந்தது பஸ் வேகம் ஒன்றுதான்.

அந்த ஒற்றை வழியே வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற ஓவர்கிளாக்கைத் தந்தது. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே இல்லை. அது யாரையும் கவரவில்லை. ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ சிப்பில் 128 கிலோபைட் கேஷ் பிராசசரோடு ஒரே சிலிக்கானில் வார்க்கப்பட்டிருந்தது. பிராசசரின் முழு வேகத்தில் அது ஓடியது. அதே நாளில் வெளியான பென்டியம் 2 450இல் கேஷ் 512 கிலோபைட் இருந்தாலும் அது தனிச் சிப்புகளில், பாதி வேகத்தில் ஓடியது. மொத்தக் கொள்முதலில் செலரானின் விலை 149 டாலர், பென்டியம் 2 450இன் விலை 669 டாலர். செலரானின் வேகம் 66 பெருக்கல் 4.5. பஸ்ஸை மட்டும் 100 ஆக்கினால் 450. கேஷ் தனிச் சிப்பில் இருந்திருந்தால் முதலில் அதுதான் தோற்றிருக்கும். ஒரே சிலிக்கானில் இருந்ததால் கேஷும் சேர்ந்தே ஏறியது. அதைவிட முக்கியம், 440 பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பஸ் நூறில் ஓடும்போது பிசிஐ மூன்றில் ஒரு பங்காக 33இலும், கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி பாதை மூன்றில் இரண்டு பங்காக 66இலும் இயல்பாக நின்றன. ஐம்பது விழுக்காடு வேகம் கூடியும், பிராசசரைத் தவிர வேறெந்தப் பாகமும் எல்லை மீறவில்லை. நின்றால் குற்றவாளி பிராசசரே என்று தயங்காமல் சொல்ல முடிந்த அபூர்வமான நேரம் அது.

பஸ்ஸை நூறாக்கத் தெரியாத பலகைகளுக்கும் ஒரு வழி கண்டார்கள். செலரான் வந்த ஸ்லாட் 1 அட்டையின் விளிம்பில் பி21 என்ற தொடர்புப் பட்டைதான் 66ஆ 100ஆ என்பதைப் பலகைக்கு அறிவித்தது. அந்த ஒரு பட்டையை மட்டும் மெல்லிய டேப்பால் மூடினால், அல்லது நகப்பூச்சைத் தடவினால், பலகை நூறு என்று எடுத்துக்கொண்டது. பட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவே. டேப் பக்கத்துப் பட்டையில் ஏறினாலோ, செருகும்போது சுருண்டு மேலே ஏறினாலோ கணினி எழாது. அட்டையைப் பிடுங்கி, விளக்கடியில் வைத்துப் பார்த்து, மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

தைவானின் அபிட் நிறுவனம் இந்தச் சிரமத்தைப் பயாஸுக்குள் கொண்டுபோனது. அதன் சாஃப்ட்மெனு வசதியில் பஸ் வேகத்தையும் பிராசசர் வோல்டேஜையும் விசைப்பலகையிலிருந்தே மாற்றலாம். பெட்டியைத் திறக்க வேண்டாம். பிஎச்6 என்ற அபிட் பலகையும் செலரான் 300ஏவும் பிரியாத ஜோடியாகப் பேசப்பட்டன. 450இல் எழாத சிப்புக்கு வோல்டேஜை இரண்டிலிருந்து 2.1 அல்லது 2.2க்கு உயர்த்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஜம்பரற்ற பலகை புதிய சிக்கல் ஒன்றையும் கொண்டுவந்தது. தவறான எண்ணைக் கொடுத்துவிட்டால் திரையே எழாது. திரை எழாமல் எண்ணைத் திருத்த முடியாது. மின்சாரம் போடும்போதே இன்சர்ட் விசையை அழுத்திப் பிடித்தால் பல பயாஸ்கள் பாதுகாப்பான எண்களுக்குத் திரும்பின. அதற்கும் மசியாவிட்டால், பயாஸ் எண்களைச் சேமித்து வைக்கும் சிமாஸ் நினைவகத்தை அழிக்கும் ஜம்பரைச் சில நொடி மாற்றி வைக்க வேண்டும், அல்லது காசு வடிவ மின்கலத்தைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். பின்னாளில் கிகாபைட்டின் பலகைகளில் இரண்டாவது பயாஸ் சிப் ஒன்று காப்பாக வந்தது. மூன்று முறை எழ முயன்று தோற்றால் தானே பழைய எண்ணுக்குத் திரும்பும் பலகைகளும், எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை இரண்டு இலக்கமாகக் காட்டும் சிறு விளக்குத் திரைகளும் வந்தன. சிமாஸை அழிக்கும் வழியை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் எந்த எண்ணையும் தொடக்கூடாது என்பது அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

எழுந்துவிட்டால் வென்றதாகப் பொருளா என்ற கேள்விக்கு 2000ஆம் ஆண்டு ஒரு பாடம் தந்தது. அந்த மார்ச் 6இல் ஏஎம்டியும் இரண்டு நாள் கழித்து இன்டெலும் ஒரு கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. போட்டி தணியாமல் ஜூலை 31இல் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ வெளியிட்டது. டாம்ஸ் ஹார்டுவேரின் தாமஸ் பாப்ஸ்டும் ஹார்டுஓசிபியின் கைல் பென்னட்டும் அதைச் சோதித்தபோது விளையாட்டுகளும் அளவீட்டு நிரல்களும் பலவும் ஓடின. லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்யும் வேலை மட்டும் முடியாமல் விழுந்தது. ஆகஸ்ட் இறுதியில் இன்டெல் அந்தச் சிப்பைத் திரும்பப் பெற்றது. சிலிக்கானின் எல்லையில் நிறுத்தப்பட்ட சிப் பயனாளர் கையில் முடுக்கப்பட்டாலும் தொழிற்சாலையிலேயே முடுக்கப்பட்டாலும் ஒரே விதமாகத்தான் தோற்கும் என்று அந்த நிகழ்ச்சி காட்டியது.

சோதனை நிரல்கள் வளர்ந்ததற்கும் இதுவே காரணம். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் மெர்சென் பகா எண்களைத் தேடத் தொடங்கிய திட்டத்தின் பிரைம்95 நிரலில் சித்திரவதைச் சோதனை என்ற பகுதி உண்டு. விடை முன்பே தெரிந்த கணக்குகளை அது பிராசசருக்குக் கொடுத்து ஒப்பிடுகிறது. மிதவைப் புள்ளிக் கணக்கில் வரும் விடை முழு எண்ணுக்கு மிக அருகில் இருக்க வேண்டும், விலகல் 0.4ஐத் தாண்டினால் பிழை என்று நிற்கும். பிழை வந்ததைச் சொல்வதோடு, எந்தக் கோரில் வந்தது என்பதையும் காட்டும். கணக்கின் அளவைச் சிறிதாக வைத்தால் வேலை முழுதும் கேஷுக்குள் நடந்து பிராசசரைப் பிழியும். பெரிதாக வைத்தால் ரேமும் மெமரி கன்ட்ரோலரும் சோதனைக்கு வரும். சிறிய அளவில் மணிக்கணக்காக ஓடி, பெரிய அளவில் உடனே விழும் கணினியில் பிராசசரின் வோல்டேஜை ஏற்றிப் பயனில்லை. ரேமைத் தனியாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86 இருந்தது. அது விண்டோஸ் எழும் முன்பே ஓடுவதால், ஐயமுள்ள ரேமோடு விண்டோஸை எழுப்பி டிஸ்க்கைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கனடா யாசுமாசா குழுவின் பை கணிப்பிலிருந்து பிறந்த சூப்பர் பை, வேகத்தை ஒப்பிடவும் விரைவான முதல் சோதனைக்கும் பயன்பட்டது.

ஏஎம்டி பக்கத்தில் வழிகள் வேறாக இருந்தன. 1999இன் ஸ்லாட் ஆத்லான் அட்டையின் உறையைக் கழற்றினால் உள்ளே ஒரு சோதனை இணைப்பு விளிம்பு தெரியும். கோல்டுஃபிங்கர் எனப்பட்ட சிறு அட்டையை அதில் செருகி மல்டிப்ளையரை மாற்றினார்கள். 2000இல் வந்த சாக்கெட் ஏ சிப்புகளில் மேற்பரப்பிலேயே எல்1 எனக் குறிக்கப்பட்ட வெட்டுண்ட பாலங்கள் இருந்தன. மென்மையான பென்சிலின் கிராஃபைட்டை அவற்றின் மேல் தேய்த்தால் மல்டிப்ளையரின் பூட்டு திறந்தது. கிராஃபைட் நாளடைவில் உதிர்ந்தால், அல்லது ஹீட்சிங்க் பேஸ்ட்டைத் துடைக்கும்போது சேர்ந்து அழிந்தால், கணினி திடீரென்று பழைய வேகத்துக்குத் திரும்பும். இதை அறியாதவர்கள் பயாஸில் பழுது தேடினார்கள். அடுத்து வந்த ஆத்லான் எக்ஸ்பியில் ஏஎம்டி பாலங்களை லேசரால் குழியாகவே வெட்டியது. குழியைப் பசையால் நிரப்பி, அதன் மேல் வெள்ளிப் பூச்சு தடவ வேண்டி வந்தது. அதே வரிசையில் 2003இல் வந்த பார்ட்டன் 2500+ இத்தனை கைவேலையும் வேண்டாமல் செய்தது. அது 166 பெருக்கல் 11. மிக உயர்ந்த 3200+ சிப் 200 பெருக்கல் 11. பஸ்ஸை 200 ஆக்கினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். என்விடியாவின் என்ஃபோர்ஸ் 2 சிப்செட் பிசிஐ, ஏஜிபி வேகங்களைப் பஸ்ஸிலிருந்து பிரித்துப் பூட்டியதால், கோப்பு சிதையும் பழைய அபாயமும் விலகியது.

அதே ஆண்டுகளில் வெப்பமும் வோல்டேஜும் பெரும் பிரச்சினைகளாயின. சிப் செலவிடும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். வேகத்தைப் பத்து விழுக்காடு ஏற்றி, அது நிலைக்க வோல்டேஜையும் பத்து விழுக்காடு ஏற்றினால் மின்திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் வெளியிட்ட ஒரு காணொளி பலரை அதிர வைத்தது: ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட்சிங்க்கைக் கழற்றியதும் ஆத்லான் நொடிகளில் கருகியது, பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்தது. தானே வேகம் குறைக்கும் இந்தப் பாதுகாப்பு பரவிய பின் புதுவகைக் குழப்பம் தோன்றியது. கணினி நிற்காது, பிழையும் வராது, அளவீட்டில் மட்டும் எண் ஏறாது, சில நேரம் இறங்கும். வேகத்தோடு வெப்பநிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே காரணம் புலப்படும்.

சுற்றுப்புற வெப்பமும் கணக்கில் வர வேண்டும். குளிர்விப்பான் சிப்பை அறை வெப்பத்தைவிட 45 டிகிரி மேலே நிறுத்தும் என்றால், 22 டிகிரி அறையில் சிப் 67இல் நிற்கும்; சென்னையின் மே மாதத்தில் 36 டிகிரி அறையில் 81ஐத் தொடும். தைவானிலும் ஜெர்மனியிலும் குளிரூட்டிய கூடங்களில் எடுத்த எண்களை அப்படியே நம் வீட்டுக் கணினியில் எழுதக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். டிசம்பரில் நிலைத்த அமைப்பைக் கோடையில் மறுபடி சோதிப்பதே முறை.

வோல்டேஜின் விலை 2002இல் வந்த நார்த்வுட் பென்டியம் 4இல் தெரிந்தது. அதன் இயல்பு 1.5 வோல்ட். 1.7ஐத் தாண்டி வைத்தவர்களின் சிப்புகள் சில வாரங்கள், மாதங்கள் நன்றாக ஓடிவிட்டு ஒரு நாள் எழாமல் போயின. வெப்பமானி எச்சரிக்கவில்லை, சிப் குளிர்ச்சியாகவே இருந்தது. நுண்ணிய இணைப்புக் கம்பிகளில் மின்னோட்டம் உலோக அணுக்களையே மெல்ல நகர்த்திவிட்டது என்பது பொதுவான விளக்கம். நேற்றுவரை நிலைத்திருந்த வேகத்துக்கு இன்று கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கேட்கத் தொடங்கினால் அது சிப் தேய்வதன் அடையாளம். அதற்கு மருந்து வோல்டேஜைக் குறைப்பதுதான். கேட்டதைக் கொடுத்துக்கொண்டே போனால் தேய்வு விரைவாகும்.

பழுதறியும் கலை முழு வடிவம் பெற்றது 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ காலத்தில். இ6300 சிப் 266 பெருக்கல் 7, அதாவது 1.86 கிகாஹெர்ட்ஸ். மூன்று கிகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் பஸ் 430 வரை போக வேண்டும். அந்த உயரத்தில் பிராசசர், மதர்போர்டின் நார்த்பிரிட்ஜ் சிப், ரேம் மூன்றுமே எல்லையில் நிற்கும். மூன்றில் எது தோற்றாலும் அறிகுறி ஒன்றே: கறுப்புத் திரை. இதற்குப் பயனாளர்கள் வகுத்த முறை ஆய்வுக்கூட ஒழுங்கு கொண்டது. முதலில் மல்டிப்ளையரை 6க்குக் குறைத்து, ரேம் விகிதத்தையும் தாழ்த்தி, பஸ்ஸை மட்டும் படிப்படியாக ஏற்றுவார்கள். பிராசசரும் ரேமும் ஓய்வாக இருக்கும்போது எங்கே நிற்கிறதோ அது பலகையின் எல்லை. அங்கே நார்த்பிரிட்ஜ் வோல்டேஜையும் பஸ் முனைய வோல்டேஜையும் கவனிப்பார்கள். பிறகு பஸ்ஸைப் பாதுகாப்பான எண்ணில் நிறுத்தி மல்டிப்ளையரைத் திரும்ப ஏற்றிப் பிராசசரின் எல்லையைக் காண்பார்கள். கடைசியாகத்தான் ரேம். சில பலகைகளில் 400இல் எழாத கணினி 420இல் எழும். குறிப்பிட்ட எண்களில் சிப்செட் தன் உள் நேர அமைப்பை மாற்றிக்கொள்வதால் இடையில் இப்படிப் பள்ளங்கள் விழுந்தன. மேலே போக முடியவில்லை என்று அங்கேயே நின்றுவிட்டவர்கள் பலர்.

இன்னொரு புதிரும் அப்போதுதான் பொதுவான பேச்சுக்கு வந்தது. பயாஸில் 1.35 வோல்ட் என்று எழுதினால் சோதனை ஓடும்போது 1.29தான் காட்டும். இது குறைபாடு போலத் தோன்றினாலும் இன்டெல் வேண்டுமென்றே வகுத்தது. சுமை திடீரென்று விலகும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும். அந்தத் துள்ளல் எல்லையைத் தாண்டாமலிருக்கச் சுமையின்போது சற்றுத் தாழ்த்தி வைக்கிறார்கள். இந்தத் தாழ்வை ஈடுகட்ட லோட் லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பை மதர்போர்டுகள் தந்தன. அளவோடு வைத்தால் உதவும். உச்சத்தில் வைத்தால், சாதாரணக் கருவிகள் காட்டாத அந்தக் கணநேரத் துள்ளல் சிப்பைத் தாக்கும். சோதனை முழுதும் தாங்கிவிட்டு, அதை நிறுத்தும் நொடியில் விழும் கணினிகளில் இந்த அமைப்பை முதலில் பார்ப்பது நல்லது.

2008 நவம்பரில் வந்த கோர் ஐ7 மெமரி கன்ட்ரோலரைப் பிராசசருக்குள் கொண்டுவந்தது. ரேமுக்கு 1.65 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று இன்டெல் எச்சரித்தது. ரேமுக்காக ஏற்றிய வோல்டேஜ் இனிப் பிராசசரையே கெடுக்கும் நிலை. விண்டோஸின் நீலத் திரை எண்களையும் அறிகுறிகளாகப் படிக்கத் தொடங்கினார்கள். 101 என்று முடிந்தால் ஒரு கோர் குறித்த நேரத்தில் பதிலளிக்கவில்லை. பெரும்பாலும் கோர் வோல்டேஜ் போதவில்லை. 124 என்றால் பிராசசர் தானே கண்டறிந்து அறிவித்த வன்பொருள் பிழை. கோர் வோல்டேஜோடு மெமரி கன்ட்ரோலரின் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். இவை திசைகாட்டும் குறிகளே. தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்ததும் உண்டு.

2011 ஜனவரியில் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை இந்த நெடிய விளையாட்டின் பெரும்பகுதியை முடித்துவைத்தது. துடிப்பை உருவாக்கும் சுற்று சிப்செட்டுக்குள் போய்விட்டது. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்போடு சாட்டா, யூஎஸ்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் கட்டப்பட்டிருந்ததால் அதை ஐந்து விழுக்காடு ஏற்றுவதே அரிதாயிற்று. மாற்றாக, கே என்ற எழுத்தோடு முடியும் சிப்புகளில் மட்டும் மல்டிப்ளையர் திறந்து விற்கப்பட்டது. ஐ5 2500க்கு 205 டாலர், 2500கேவுக்கு 216. பதினொரு டாலர் கூடுதலுக்கு, 3.3 கிகாஹெர்ட்ஸ் சிப்பைப் பலர் 4.5இல் எளிதாக ஓட்டினார்கள். மலிவான சிப்பை வாங்கி விலையுயர்ந்ததாக்கும் பழைய வழி அடைபட்டதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். செலரான் காலத்தில் ஓவர்கிளாக்கிங் பணமில்லாதவரின் வழி; கே சிப்புகளோடு அது பணம் கொடுத்து வாங்கும் வசதியாயிற்று. அது ஓர் இழப்பே. ஏஎம்டி 2017 ரைசன் வரிசையில் எல்லாச் சிப்புகளையும் திறந்தே விற்றது ஓரளவு ஆறுதல். திரவ நைட்ரஜன், ஹீலியம் கொண்டு சாதனை படைப்பது தனி உலகமாக வளர்ந்து, 2022 டிசம்பரில் ஐ9 13900கே சிப்பை 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்ட வைத்தது. அன்றாடக் கணினியோடு அதற்குத் தொடர்பு குறைவு.

இதற்குள் பிராசசர்கள் தம்மைத் தாமே முடுக்கக் கற்றுக்கொண்டிருந்தன. வெப்பமும் மின்திறனும் இடம் கொடுக்கும் அளவுக்கு ஒவ்வொரு கோரும் தானாக ஏறுகிறது. 2020இல் ரைசன் 5000க்கு ஏஎம்டி தந்த கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்டேஜைக் குறைக்கலாம். சேமித்த வெப்பத்தைப் பிராசசர் கூடுதல் வேகமாக மாற்றிக்கொள்ளும். பழுதின் இயல்பு இதனால் தலைகீழானது. முன்பெல்லாம் கணினி கடுஞ்சுமையில் விழும். இப்போது எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் தாழ்ந்து பாதுகாப்பாக ஓடும். யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதோ, ஒரு பக்கத்தைத் திறக்கும்போதோ, ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவி, குறைத்த வோல்டேஜ் போதாமல் கணினி மறுதொடக்கம் ஆகும். இரவு முழுதும் பிரைம்95ஐத் தாங்கிய அமைப்பு காலையில் மின்னஞ்சல் பார்க்கும்போது விழுவது இதனால்தான். ஒவ்வொரு கோரையும் தனியாக, ஏறி இறங்கும் சுமையில் சோதித்து, விண்டோஸ் பதிவேட்டில் பிழை காட்டிய கோருக்கு மட்டும் வோல்டேஜைத் திரும்பத் தர வேண்டும். டிடிஆர்5 ரேமோடு இன்னொரு பதற்றமும் வந்தது: முதல் முறை எழும்போது ரேமின் நேர அமைப்பைக் கணினி பயில்வதற்குச் சில நிமிடம் ஆகும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துவோர் அந்தப் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள்.

தானியங்கி அமைப்புகளும் பிழை செய்தன. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் சில சாக்கெட்டோடு கருகின. ரேமை முடுக்கும் எக்ஸ்போ அமைப்பைப் பயனாளர் தேர்ந்தெடுத்ததும் சில பலகைகள் சிப்பின் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே மிகையாக ஏற்றியிருந்தன. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் வரம்பு விதித்தது. அடுத்த ஆண்டு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகள் எதையும் முடுக்காதவர்களின் கணினிகளிலும் விழுவது பரவலாகத் தெரியவந்தது. அன்ரியல் எஞ்சினில் செய்த விளையாட்டுகளைத் திறந்தால் கிராபிக்ஸ் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று செய்தி வரும். பலர் கிராபிக்ஸ் கார்டையே மாற்றினார்கள். உண்மையில் விளையாட்டுக் கோப்புகளை விரிக்கும் கணக்கில் பிராசசர் தவறான விடை கொடுத்திருந்தது; அந்த விரிப்பு நிரலை எழுதிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனமே பழி பிராசசருடையது என்று சுட்டி, வேகக் கோர்களின் மல்டிப்ளையரை 55இலிருந்து 53க்கு இறக்கிப் பார்க்கச் சொன்னது. இறக்கியதும் பிழை மறைந்தால் குற்றவாளி உறுதி.

முதலில் பார்வை மதர்போர்டுகளின் மேல் விழுந்தது. ஐ9 சிப்புக்கு 253 வாட் என்று வகுத்திருந்த வரம்பைப் பல பலகைகள் 4096 வாட் என்று எழுதி, வரம்பே இல்லாமல் ஆக்கியிருந்தன. இன்டெலின் இயல்பு அமைப்பைத் தனித் தேர்வாகத் தரும் பயாஸ்கள் வந்தன. பிழை முழுதும் நிற்கவில்லை. சிப்பின் மைக்ரோகோடே தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜைக் கேட்டுவந்தது என்று ஜூலையில் இன்டெல் அறிவித்தது. மிகை வோல்டேஜும் வெப்பமும் கோருக்குள் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்றைத் தேயவைத்தன என்பது செப்டம்பரில் உறுதியானது. ஆகஸ்டில் வந்த, 129 என்று முடியும் மைக்ரோகோடு 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் இன்னொரு திருத்தம் தொடர்ந்தது. உத்தரவாதக் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. புதிய பயாஸ் தேய்வைத் தடுக்கும், தேய்ந்ததை மீட்காது. ஆகவே பயாஸைப் புதுப்பித்து, அமைப்புகளை இயல்புக்குத் திருப்பி, ரேமையும் அதன் அடிப்படை வேகத்துக்கு இறக்கிய பிறகும் அதே பிழை வருமானால், அந்தச் சிப்பைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வது ஒன்றே வழி.